ஷேப் ஒன் என்றால் உடம்பு கட்டுமஸ்தாக இருக்கிறது என்று அர்த்தமா?

திருச்சி_தென்றல் எழுதியது:

மாமா பையன் சி.ஆர்.பி.எஃப்.பில் இருக்கிறான். வருடாந்திர மெடிக்கல் முடிந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் "ஷேப் ஒன் வந்துடுச்சு" என்று போட்டான். உடனே அத்தை, "போன லீவுல தொப்பையோட வந்தான், இப்ப ஷேப்புக்கு வந்துட்டான் பாருங்க" என்று நாலு இதயம் போட்டார். சித்தப்பா ஒருவர் தன் பழைய ஜிம் படத்தை எடுத்துப் போட்டு, இதுதான்டா ஷேப் என்றார். அவன் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விட்டான்.

எனக்குத் தெரிந்து ஷேப் என்றால் வட்டம், சதுரம், முக்கோணம். அதில் ஒன்று என்ன, இரண்டு என்ன? அப்புறம் யோசித்தால், கிரிக்கெட்டில் "பந்து ஷேப் ஆகுது" என்கிறார்கள், டெய்லர் "ஷேப் எடுக்கணும்" என்கிறார், ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பையன் நாள் பூராவும் "ஷேப் மேட்ச் ஆகல" என்று புலம்புகிறான். ஆளாளுக்கு எதைத்தான் சொல்கிறார்கள்?

---

ஓய்வு_ஹவில்தார் எழுதியது:

அத்தை சொன்னது முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன், எடை கூடினாலும் மெடிக்கல் கேட்டகரி இறங்கும். ஆனால் ஷேப் என்பது இங்கே உருவத்தைச் சொல்கிற சொல்லே இல்லை. ஐந்து எழுத்தைச் சேர்த்து வைத்த சுருக்கம். எஸ் மனநலம், எச் காது, ஏ கை கால், பி உடல் திறன் (பிரஷர், சர்க்கரை, நெஞ்சு எல்லாம் இதற்குள் வந்துவிடும்), ஈ கண். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை போடுவார்கள். 1 என்றால் சியாச்சினோ ராஜஸ்தானோ எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். 5 என்றால் வீட்டுக்குப் போகலாம். ஐந்திலும் 1 வாங்கினவன்தான் ஷேப் ஒன்.

இதில் ஒன்றே ஒன்று இறங்கினாலும் லோ மெடிக்கல். வாலிபால் ஆடி முழங்கால் ஜவ்வு போனவனுக்கு மற்ற நாலும் ஒன்றாக இருக்கும், ஏ மட்டும் 3 ஆகிவிடும். பக்கத்தில் டி 24 என்று எழுதியிருப்பார்கள், தற்காலிகம், 24 வாரம் கழித்துத் திரும்ப மெடிக்கல் போர்டு முன்னால் நிற்க வேண்டும் என்று அர்த்தம். அந்த 24 வாரமும் ஆள் பார்க்க சினிமா ஹீரோ மாதிரி இருப்பான், ஆனால் ஷேப் ஒன் கிடையாது. உங்கள் மாமா பையன் குரூப்பில் போட்டதற்குக் காரணம் உடம்பு இல்லை தம்பி, ப்ரமோஷன். துணை ராணுவத்தில் ஷேப் ஒன் இல்லாமல் அது நகராது.

---

சும்மா_வந்தேன் எழுதியது:

நேட்டோ படைகளின் ஐரோப்பியத் தலைமையகத்துக்கும் ஷேப் என்றுதான் பெயர், அதுவும் எழுத்துச் சுருக்கம்தான். 1951இல் பாரிஸ் பக்கத்தில் ஆரம்பித்தார்கள், முதல் தளபதி ஐசன்ஹோவர். பிரெஞ்சு அதிபர் டி கோல் வெளியே போகச் சொன்னதும் 1967இல் பெல்ஜியத்தின் மோன்ஸ் ஊருக்கு மூட்டை கட்டிப் போனார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். கை அரித்தது.

---

லெக்_கட்டர் எழுதியது:

கிரிக்கெட் பக்கம் நான் வருகிறேன். இங்கே ஒரு ஷேப் இல்லை, மூன்று இருக்கிறது, கமென்ட்ரியில் மூன்றையும் ஒரே ஓவரில் சொல்லிக் குழப்புவார்கள்.

ஒன்று, பந்தின் ஷேப். அதாவது உருண்டை உருண்டையாகத்தான் இருக்கிறதா, நசுங்கிவிட்டதா. இரண்டு, பந்து ஷேப் ஆவது. காற்றில் போகும்போது வளைகிற வளைவு. ஸ்விங் என்று சொன்னால் போதும், ஆனால் கொஞ்சமாக, அழகாக, பேட்ஸ்மேனைத் தேட வைக்கிற மாதிரி வளைந்தால் ஷேப் என்பார்கள். மூன்று, பேட்ஸ்மேன் ஷேப்பை விடாமல் அடிப்பது. தலை ஆடாமல், முன்தோள் திறந்து போகாமல் சிக்ஸ் அடித்தால் ஷேப் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு சுற்றினால் போச்சு.

முதல் ஷேப்புக்கு மட்டும்தான் சோதனை இருக்கிறது. அம்பயர் பையில் இரண்டு வளையம் வைத்திருப்பார். ஒன்றில் பந்து நுழைய வேண்டும், இன்னொன்றில் நுழையக் கூடாது. அவ்வளவுதான் கதை. மற்ற இரண்டுக்கும் கமென்டேட்டர் வாய்தான் அளவுகோல்.

---

கோவை_லேத் எழுதியது:

@லெக்_கட்டர் அந்த இரண்டு வளையத்துக்குப் பட்டறையில் கோ, நோ-கோ கேஜ் என்று பெயர். துளை சரியாகக் கடைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் போகணும், மறுபக்கம் போகக் கூடாது. வெர்னியர் பிடித்து அளவு படிக்கத் தெரியாத பையன்கூட ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் பார்த்துத் தள்ளிவிடுவான். அளவு எவ்வளவு என்று அது சொல்லாது, தேறுமா தேறாதா என்று மட்டும் சொல்லும்.

ஷேப் என்றதும் எனக்கு ஐ.டி.ஐ. ஷேப்பிங் மெஷின்தான் ஞாபகம் வருகிறது. பெயரைக் கேட்டால் என்னென்னவோ வடிவம் செய்யும் போல இருக்கும். உண்மையில் அது பெரும்பாலும் செதுக்கித் தருவது தட்டைப் பரப்பு மட்டும்தான். ரவுண்டு ராடைக் கொடுத்து சதுரமாக்கு என்பார் சார், அப்புறம் வி பிளாக், அப்புறம் சாவிக்காடி. உளியைப் பிடித்து முன்னும் பின்னும் போகிற கைக்கு ராம் என்று பெயர். அது முன்னால் போகும்போது வெட்டும், மெதுவாகப் போகும். திரும்பி வரும்போது வெட்டு கிடையாது, அதனால் வேகமாக வரும். வரும்போது உளி உரசக் கூடாது என்று உளியைத் தாங்குகிற கிளாப்பர் பாக்ஸ் லேசாகத் தூக்கிக்கொள்ளும், அந்த 'டக் டக்' சத்தம் இருக்கே, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அதைக் கேட்டால் நின்றபடியே தூக்கம் வரும். இப்போது மில்லிங் மெஷின், கம்ப்யூட்டர் ஓட்டுகிற வி.எம்.சி. எல்லாம் வந்துவிட்டதால் வெளிப் பட்டறைகளில் பார்ப்பது அபூர்வம். பாடத்திட்டத்துக்காகக் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்திருக்கும்.

---

பைத்தான்_பாண்டி எழுதியது:

தென்றல், உங்கள் பக்கத்து சீட்டுப் பையன் நான் இல்லை என்று நம்புகிறேன்.

பைத்தான் நிரல் மொழியில் நம்பை என்கிற நிரல் நூலகத்தில் எண்களை அடுக்கி வைத்த அடுக்குக்கு அரே என்று பெயர். அதன் ஷேப் என்ன என்று கேட்டால் (3, 4) மாதிரி பதில் வரும். 3 வரிசை, 4 நெடுவரிசை. மொத்தம் 12 எண். இதையே (2, 6) என்றோ (12, 1) என்றோ மாற்றி அடுக்கலாம், எண்கள் மாறாது, அடுக்கு மட்டும் மாறும். (5, 3) என்று கேட்டால் முடியாது, சிவப்பு எழுத்தில் திட்டும். அந்தத் திட்டுதான் நாள் பூராவும் அவர் புலம்புவது.

ஆனால் திட்டினால் நல்லது. திட்டாமல் விடுகிற இடம்தான் ஆபத்து. 1000 வீட்டின் உண்மை விலை ஒரு அடுக்கில் இருக்கிறது, ஷேப் (1000,). விலையைக் கணிக்கக் கற்றுக்கொடுத்த கம்ப்யூட்டர் மாடல் சொன்ன விலை இன்னொரு அடுக்கில், ஷேப் (1000, 1). பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 1000 வித்தியாசம் வரணும் இல்லையா? வராது. ஒவ்வொரு வீட்டையும் மற்ற எல்லா வீட்டோடும் கழித்து (1000, 1000) என்று பத்து லட்சம் எண்ணைத் தூக்கிக் கொடுக்கும். எரர் கிடையாது. அதற்குச் சராசரி எடுத்தால் ஒரே ஒரு எண் வரும், அதுவும் பார்க்க நியாயமாகவே இருக்கும். மாடல் ஏன் கற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது என்று இரண்டு நாள் முடியைப் பிய்த்துக்கொண்டு திரிந்தவர்கள் இந்தத் துறையில் ஏராளம்.

---

கணக்கு_வாத்தியார் எழுதியது:

இதுவரை வந்ததைப் படித்தால் ஒன்று தெரிகிறது. பட்டாளத்தில் டாக்டர், மைதானத்தில் வளையம், பட்டறையில் கேஜ், கம்ப்யூட்டரில் எரர். ஷேப் என்று தைரியமாகச் சொல்கிற இடத்தில் எல்லாம் சரிபார்க்க ஏதோ ஒன்று கையில் இருக்கிறது. சரிபார்க்க எதுவும் இல்லாத இடத்தில், அதாவது பேட்ஸ்மேன் ஷேப், உடம்பு ஷேப், ப்ளவுஸ் ஷேப், இங்கெல்லாம் சொல்கிறவர் சொல்வதுதான் சட்டம், அதனால்தான் அங்கே சண்டை வருகிறது. வடிவம் என்று சொன்னால் போதாது, எதை வைத்துப் பார்த்தாய் என்று கேட்கணும்.

---

லெக்_கட்டர் எழுதியது:

வாத்தியாரே, வளையம் இருந்தால் சண்டை வராது என்று யார் சொன்னது? 2025 ஜூலை, லார்ட்ஸ், இங்கிலாந்தோடு டெஸ்ட், இரண்டாம் நாள். 80 ஓவர் முடிந்து எடுத்த புதுப் பந்தில் பும்ரா ஸ்டோக்ஸ், ரூட், வோக்ஸ் மூவரையும் மளமளவென்று தூக்கிவிட்டார். பந்து பேசிக்கொண்டிருக்கிறது. பத்து ஓவர் தாண்டியதும் ஷேப் போய்விட்டது, மாற்றிக் கொடு என்று கேட்டது யார் தெரியுமா, இந்தியாதான். அம்பயர் வளையத்தில் விட்டுப் பார்த்தார், நுழையவில்லை, மாற்றினார். வந்த பந்தைப் பார்த்ததும் இந்திய கேப்டன் கில் அம்பயரிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். பார்க்கவே பழைய பந்து மாதிரி இருந்தது. ஸ்விங் காணாமல் போனது. ஸ்மித்தும் கார்ஸும் 84 ரன் சேர்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பந்தையும் மாற்றவேண்டி வந்தது.

வளையத்தில் நுழையாத பந்து ஸ்விங் ஆனது, நுழைகிற பந்து ஆகவில்லை. ஏனென்றால் வளையம் பார்ப்பது குறுக்களவை மட்டும். காற்றில் வளைவதற்கு வேண்டியது நிமிர்ந்து நிற்கிற தையல், ஒரு பக்கப் பளபளப்பு. அதை எந்த வளையம் பார்க்கும்? 2023இல் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதிய ஓவல் ஆஷஸ் டெஸ்டிலும் இதே தலைவலி, வேறு திசையில். மார்க் வுட் போட்ட பவுன்சர் கவாஜா ஹெல்மெட்டில் பட்டு ஷேப் போச்சு என்று 37 ஓவர் ஓடிய பந்தை மாற்றினார்கள், புதிதாக வந்தது மறுநாள் வளைத்து வளைத்து விழுந்தது, இங்கிலாந்து 49 ரன்னில் ஜெயித்தது. முன்னாள் ஆஸ்திரேலிய கேப்டன் பான்டிங் கொதித்துப்போனார். எல்லாம் விதிப்படிதான்.

---

பைத்தான்_பாண்டி எழுதியது:

+1. நான் சொன்னதும் இதேதான். ஷேப் சரி என்று சிஸ்டம் விட்டுவிட்டது, விடை தப்பு.

---

வரைபடக்காரி எழுதியது:

வாத்தியார் சாரின் விதியை நானும் கொஞ்சம் கலைத்துவிட்டுப் போகிறேன். கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிற எங்கள் பக்கம் ஷேப் என்றால் ஃபைல். வரைபட மென்பொருள் செய்யும் எஸ்ரி கம்பெனி 90களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ஷேப்ஃபைல், இன்றைக்கும் எந்த அரசு அலுவலகத்தில் கேட்டாலும் கையில் கிடைப்பது இதுதான். ஃபைல் என்று ஒருமையில் சொல்வதே மோசடி. எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப் என்று குறைந்தது மூன்று ஃபைல் ஒன்றாக இருக்கணும். எஸ்எச்பியில் எல்லைக்கோடு, டிபிஎஃப்பில் சர்வே எண், பரப்பு மாதிரி விவரங்கள், எஸ்எச்எக்ஸ் எந்த வடிவம் எஸ்எச்பியில் எங்கே இருக்கிறது என்று தேடித் தருகிற அட்டவணை. மெயிலில் எஸ்எச்பியை மட்டும் அனுப்பிவிட்டு "ஷேப் அனுப்பியாச்சு மேடம்" என்பவர்களுக்கு நான் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

நாலாவதாக பிஆர்ஜே என்று ஒன்று. இல்லாவிட்டாலும் ஃபைல் திறக்கும், வயலின் வடிவம் அச்சு அசலாக இருக்கும், வரப்பு வளைகிற இடம்கூடச் சரியாக இருக்கும். ஆனால் அந்த வயல் பூமியில் எங்கே இருக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஷேப் சரி, இடம் இல்லை. புல வரைபடத்தைப் பார்த்து யாரோ வரைந்து கொடுத்ததை, பக்கத்துக் கிராமத்தோடு ஒட்ட வைக்க நான் படும் பாட்டுக்கு இதுதான் காரணம்.

தமிழில் தலைப்பு வைக்கலாம் என்று ஆசைப்பட்டால் அதற்கும் ஆப்பு. நெடுவரிசைப் பெயருக்கு 10 பைட்தான் இடம். ஆங்கிலத்தில் 10 எழுத்து. யூனிகோடு தமிழில் எழுத்து, கால், புள்ளி என்று ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், 'கிராமம்' என்று எழுதக்கூட இடம் பத்தாது, மூன்று குறியோடு நின்றுவிடும். 'கிரா' வரைக்கும் போனால் கால்கூட விழுந்துவிடும்.

---

சும்மா_வந்தேன் எழுதியது:

அப்போ 'ஊர்' என்று வைங்க மேடம், கச்சிதமாக உட்காரும்.

---

வரைபடக்காரி எழுதியது:

ஊ, ர, புள்ளி. 9 பைட். அடப்பாவி, உட்காருகிறது.

---

தையலக்கா எழுதியது:

மேலே ஒருத்தர் ப்ளவுஸ் ஷேப்புக்குச் சரிபார்க்க ஒன்றும் இல்லை, வாய்க்கு வந்ததுதான் சட்டம் என்று எழுதியிருக்கிறார். சார் ஒரு நாள் கடைக்கு வாங்க.

ப்ளவுஸ் போட்டதும் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வேன். கீழ்ப்பட்டி கையோடு சேர்ந்து மேலே ஏறினால் ஆம்ஹோல், அதாவது கை நுழைகிற குழி, இறங்கிவிட்டது என்று அர்த்தம். நிறைய பேர் கை இறுக்குகிறது என்று ஆம்ஹோலை இன்னும் இறக்கித் தரச் சொல்வார்கள், இறக்கினால் இன்னும் மோசமாகும், உடம்பையே இழுக்கும். டார்ட் (துணியை மடித்துத் தைக்கிற பிடிப்பு) முனையில் துணி குமிழ் மாதிரி நின்றால் டார்ட்டை நீளம் பத்தாமல் வெடுக்கென்று முடித்திருக்கிறார்கள். ஊக்குக்கு ஊக்கு நடுவில் துணி வாய் பிளந்தால் மார்பளவு பத்தவில்லை. இதெல்லாம் என் கண்ணுக்குத் தெரியும், கஸ்டமருக்குத் தெரியாது, அவர்கள் "ஷேப் சரியில்லைக்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எது சரியில்லை என்று கண்டுபிடிப்பது என் வேலை.

ஷேப்பை நான் தைப்பதற்கு முன்பே வெட்டுவதில் முடிவு பண்ணிவிடுவேன். கிராஸ் கட் கேட்டால் கப் துண்டைத் துணியின் நேர் இழையில் வெட்ட மாட்டேன், மூலைவாட்டில் வைத்து வெட்டுவேன், அப்போதுதான் இழுத்தால் கொடுக்கும், உடம்போடு படியும். துணி அதிகம் பிடிக்கும், அதனால் 80 சென்டிமீட்டர் பிட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு கிராஸ் கட், முழங்கை நீளம், பின்னால் நாடா என்று எல்லாம் கேட்டால் நான் எங்கே போவது. ப்ரின்சஸ் கட்டில் டார்ட்டே வராது, அந்த வேலையைத் தோளிலிருந்தோ ஆம்ஹோலிலிருந்தோ இறங்கி வரும் தையல் பார்த்துக்கொள்ளும். கழுத்து ஷேப் தனிக் கதை. பாட் நெக் என்று போனில் சொல்வார்கள், பானை மாதிரி கீழே அகலமாக வேண்டுமா, படகு மாதிரி தோளுக்குத் தோள் வேண்டுமா என்று படம் அனுப்பச் சொல்லாமல் நான் கத்தரியே எடுப்பதில்லை.

---

நகைக்கடை_வாசல் எழுதியது:

ப்ரின்சஸ் கட் என்றதும் எட்டிப் பார்த்தேன். எங்களிடம் அது சதுர வைரம். இங்கேயும் ஷேப் வேறு, கட் வேறு. ரவுண்ட், ஓவல், பேரிக்காய் மாதிரி இருக்கிற பேர் எல்லாம் ஷேப். பட்டைகள் எந்தக் கோணத்தில், எவ்வளவு ஒழுங்காகத் தீட்டியிருக்கிறது என்பது கட், மினுமினுப்பு அதில்தான் இருக்கிறது. சர்ட்டிபிகேட்டில் ஷேப் ரவுண்ட் என்று பார்த்துவிட்டு 'கட் நல்ல கட்' என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். நாங்களும் திருத்துவதில்லை.

---

வல்வெட்டித்துறை_காத்து எழுதியது:

நீங்கள் எல்லாம் ஷேப்பில நிக்கிறியள். எங்கட பக்கம் வடிவு எண்டாலே அழகுதான். பொம்பிளை வடிவு எண்டா மூக்கும் முழியும் அளந்து சொல்லுறேல்லை. "வடிவாக் கேட்டனியோ" எண்டா கவனமாக் கேட்டியா, "வடிவாச் சாப்பிடு" எண்டா வயிறு நிறைய. இந்தியாவில இருந்து வந்த என்ர கூட்டாளி ஒருத்தன் "வடிவாத் தெரியேல்லை" எண்டு நான் சொன்னதுக்கு, "எந்த வடிவம்?" எண்டு கேட்டான். ஒரு வடிவமும் இல்லையடா, சரியாத் தெரியாது எண்டுதான் சொன்னனான்.

---

கணக்கு_வாத்தியார் எழுதியது:

தையலக்கா, கையைத் தூக்கிப் பார்ப்பதும் சோதனைதான். அப்படியென்றால் என் பக்கம்தான் நீங்களும் பேசுகிறீர்கள். சோதனை இருக்கிறது, கஸ்டமருக்குத் தெரியவில்லை, அதனால் சண்டை.

---

தையலக்கா எழுதியது:

சோதனையில் தேறின ப்ளவுஸையும் "ஷேப் பிடிக்கலை" என்று திருப்பிக் கொண்டுவருவார்கள் சார். கை தூக்கினால் ஏறாது, டார்ட் படிந்திருக்கும், ஊக்கு பிளக்காது. ஆனால் அக்கா கல்யாணத்துக்கு வேறு எங்கேயோ தைத்தது மாதிரி இல்லையாம். அதற்கு எந்தக் கேஜை வைப்பது? அப்படிப்பட்ட ஆளிடம் நான் பழைய ப்ளவுஸைக் கொண்டுவா என்று வாங்கி, பிரித்துப் பார்த்து, அதே மாதிரி வெட்டிக் கொடுத்துவிடுவேன். தப்பாகத் தைத்திருந்தாலும் தப்பாகவே. அவர்களுக்கு அதுதான் ஷேப்.

---

ஓய்வு_ஹவில்தார் எழுதியது:

போர்டில் தேறியும் மலை ஏறும்போது திணறினவனைப் பார்த்திருக்கிறேன். கேட்டகரி இறங்கினவன் முன்னால் ஏறிப்போய் டீ போட்டு வைத்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஆயிரம் பேரை ஒரு மாதத்துக்குள் பார்த்து எங்கே அனுப்பலாம் என்று முடிவு பண்ணணும் என்றால் ஐந்து எழுத்தும் ஐந்து எண்ணும் இல்லாமல் நடக்காது. லேத் தம்பி சொன்ன ஆயிரம் பீஸ் கணக்குதான்.

---

திருச்சி_தென்றல் எழுதியது:

அம்மாடி, ஒரு ஷேப் கேட்க வந்தேன். தையலக்காவுக்குத் தனியாக ஒரு சந்தேகம். லைனிங் வைத்துத் தைத்த ப்ளவுஸ் முதல் துவைப்பிலேயே சுருக்கம் சுருக்கமாக ஆகிவிட்டது என்று தங்கச்சி அழுகிறாள், அது ஷேப் பிரச்சினையா துணிப் பிரச்சினையா?

---

தையலக்கா எழுதியது:

லைனிங்கைத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, அயர்ன் பண்ணிய பிறகுதான் வெட்டணும், அதெல்லாம் செய்யாமல் அப்படியே வெட்டியிருப்பார்கள். காட்டன் லைனிங் முதல் தண்ணீரில் சுருங்கும், மேல் துணி சுருங்காது, உள்ளே இருப்பது வெளியே இருப்பதைப் பிடித்து இழுக்கும். பக்கத் தையலில் உள்பிடிப்பு விட்டிருந்தால் பிரித்துச் சமாளிக்கலாம். ஒட்ட வெட்டியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, புது லைனிங்தான்.

---

டென்னிஸ்பால்_கேப்டன் எழுதியது:

ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, இதற்காக லாகின் செய்தேன். எங்கள் ஊரில் ஸ்டிச் பால் டோர்னமென்ட் நடத்துகிறோம். நாலு ஓவர் போனதும் "பால் ஷேப் போச்சு" என்று பவுலிங் டீம் ஆரம்பித்துவிடும், அம்பயர் பையன் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்குவான். அந்த வளையம் எங்கே கிடைக்கும்?

---

கோவை_லேத் எழுதியது:

வாங்க வேண்டாம், நானே கடைந்து தருகிறேன். சட்டப்படி புதுப் பந்தின் சுற்றளவு 22.4 சென்டிமீட்டரிலிருந்து 22.9க்குள். பை-யால் வகுத்தால் குறுக்களவு 71.3 மில்லிமீட்டர், 72.9 மில்லிமீட்டர். பெரியதில் எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் நுழையணும், சின்னதில் எந்தப் பக்கமும் நுழையக் கூடாது. ஒரே பக்கம் பார்த்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது, தையல் மேல் ஒரு தடவை, தையலுக்குக் குறுக்கே ஒரு தடவையாவது பாருங்கள். அலுமினியத்தில் போட்டால் அம்பயர் பையில் கனக்காது. நீங்கள் வாங்குகிற பந்தில் புதிதாகவே ஒன்றை முதலில் அளந்து எனக்குச் சொல்லுங்கள், சில மலிவு பந்து டப்பாவிலிருந்து எடுக்கும்போதே 73 தாண்டி இருக்கும், அப்புறம் முதல் பாலிலேயே உங்கள் டோர்னமென்ட் நின்றுவிடும். கூலி வேண்டாம், கூரியர் செலவு உங்களுடையது.